இடக்கை நரம்பு

புந்தா அரேனாஸில் காற்று பலக்கும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
ஆட்கள் பிடித்துக்கொண்டு நடக்க.
எதுவிகிஸ் மான்சில்யா அந்தக் கயிற்றை விட்டு
நேராக என் நாற்காலிக்கு வந்தாள்.
கையுறையைக் கழற்றவில்லை.
"கழற்றினால் நரம்பு தேட ஆரம்பிப்பாய், யாஸ்னா."

இருபத்தாறு வருடம் நண்டு ஆலையில்
பனிக்கட்டிக்குள் கைவிட்டு ஓடு உடைத்தவள்.
அவள் நரம்புகள்
ஆள் வந்தால் கட்டிலடியில் ஒளியும் பூனைகள்.
வலக்கை கிடையாது எனக்கு.
அந்தப் பக்கம்தான் மார்பையும்
அக்குளின் கணுக்களையும் எடுத்தார்கள்.
ஊசி கூடாது, ரத்த அழுத்தப் பட்டை கூடாது.
இருப்பது ஒரு கை.
வெந்நீர்ப் பையை அதன்மேல் சாய்த்துவிட்டுக் காத்திருந்தேன்.
அவசரப்படுத்தினால் நரம்பு பொய் சொல்லும்.

கிடைத்தது,
முன்கையில், தூண்டில் நூல் பருமனுக்கு.
முதலில் உப்புநீர்.
குமட்டல் வருமுன்பே குமட்டலுக்கு மருந்து.
பிறகு சிவப்பு.

சிவப்பை நான் இயந்திரத்திடம் விடுவதில்லை.
சிரிஞ்சு என் கட்டைவிரலின் கீழ்.
கொஞ்சம் தள்ளி,
கொஞ்சம் பின்னிழுத்து
அவள் ரத்தம் எட்டிப் பார்க்கிறதா என்று பார்த்து,
மறுபடி தள்ளி.
ஒரு சொட்டு நரம்பைத் தாண்டினாலும்
சதை வெந்துபோகும்.
"எரிகிறதா?"
"இல்லை."
"எரிந்தால் மரியாதைக்காகச் சும்மா இருக்காதே."
"உன்னிடம் எனக்கென்ன மரியாதை"
என்றாள், வாய் நிறைய ஐஸ் துண்டுகளோடு.
வாய்ப்புண் வராமலிருக்க அது.
இத்தனை காலம் கைக்கு, இப்போது வாய்க்கு என்று
முணுமுணுத்துக்கொண்டே கடித்தாள்.

இரண்டாவது மருந்துக்குப் பெயர்தான் நீளம்,
நிறம் கிடையாது.
அது இறங்கும் அரைமணியில் அவள் தூங்கினாள்.
காலையிலிருந்து நான் ஒன்றுக்குப் போகவில்லை என்பது
அப்போதுதான் நினைவு வந்தது.

படகுச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்:
சிறுநீர் சிவக்கும், பயப்படாதே.
பச்சைச் சிப்பி வேண்டாம்,
எலுமிச்சை பிழிந்தாலும் வேண்டாம்.
முப்பத்தெட்டு டிகிரி தொட்டால்
மாத்திரை போடாமல் என்னை அழை.
எந்நேரமும் என்பதன் கீழே இரண்டு கோடு.

பத்தாம் நாள், இரவு ஒன்று நாற்பது.
காற்று துறைமுகத்தை மூடியிருந்தது.
ஜலசந்திக்கு அப்பால், போர்வெனிரிலிருந்து அவள் குரல்:
"முப்பத்தெட்டு புள்ளி மூன்று."
"எப்போது பார்த்தாய்?"
"பத்து மணிக்கு. நீ தூங்குவாயே என்று..."
நான் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன்.
பதிவேட்டில் அதை எழுதவில்லை.

பக்கத்து வீட்டு லாரியை எழுப்பு.
ஆஸ்பத்திரி வாசலில் பெயரைச் சொல்லாதே,
வயதைச் சொல்லாதே,
"கீமோ போட்டுப் பத்தாம் நாள், காய்ச்சல்"
இதை மட்டும் சொல்.
வரிசையில் உட்காரச் சொன்னால் உட்காராதே.
அங்கே ஓர் இளம் டாக்டரின் குரலையும் எழுப்பினேன்.
வெள்ளணுக்கள் தரைதட்டியிருக்கும், மகனே,
ரத்த மாதிரி எடு, முடிவுக்குக் காத்திராதே,
ஒரு மணிக்குள் ஆன்டிபயாடிக்.
பிறகு செய்ய ஒன்றுமில்லை.
அடுப்பைத் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.
ஐந்தரைக்கு ஒரு குறுஞ்செய்தி:
இங்கே காபி மகா மட்டம்.

அடுத்த சுற்றுக்கு ஒரு வாரம் பிந்தி வந்தாள்.
தலையில் முடி இல்லை, தொப்பியும் இல்லை.
காது இரண்டும் நண்டு நிறம்.
"வலக்கையில் இன்னும் பலமில்லை.
தொப்பியா கயிறா என்று ஆகிவிட்டது.
கயிறு என்றேன்.
தொப்பி இந்நேரம் அர்ஜென்டினாவில் இருக்கும்."

கேட்பதற்குள் இடக்கையுறையைக் கழற்றி
கையை நீட்டினாள்.
போனமுறை நரம்பு விரலுக்கடியில்
கெட்டியாக உருண்டது.
அது இனி உதவாது, வேறு தேட வேண்டும்.
அவளிடம் சொன்னேன்.
"தேடு" என்றாள்.
வெந்நீர்ப் பை எடுக்கப் போனேன்.